மின்னலில் ஆடிய கை

இலஞ்சி விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மணி ஐந்தரை. ஆவுடைநாயகம் அண்ணாச்சி தோளில் கேமரா பெட்டி, என் கையில் முக்காலி. 1958, வைகாசி மாதம். சாரலுக்கு இன்னும் நாளிருந்தது. மலைப்பக்கம் கோடை இடி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

தென்காசியில் அண்ணாச்சியின் ஸ்டுடியோவில் நெகட்டிவ்களைத் திருத்துவது என் வேலை. காதில் எப்போதும் பென்சில் செருகியிருப்பேன். கல்யாணப் பெண்ணின் பருவை மறைப்பேன், மாப்பிள்ளையின் அம்மைத் தழும்பை மறைப்பேன். அண்ணாச்சிக்கோ மின்னல் பைத்தியம். மேகம் கறுத்தால் கடையைப் பூட்டிவிடுவார். லென்ஸ் மூடியைக் கழற்றிவிட்டு இருட்டில் காத்திருந்தால், மின்னல் தன்னைத்தானே படமெடுத்துக்கொள்ளும் என்பார்.

போன வருஷம் அப்படி எடுத்த படத்துக்குச் சென்னைக் கண்காட்சியில் முதல் பரிசு. ஒற்றைப் பனை, உச்சியில் பனையேறி மாடன், பின்னால் மலையளவு மின்னல்.

அவனை மேலே நிறுத்திவைத்தது அண்ணாச்சிதான். இறங்கட்டுமா என்று அவன் கையை ஆட்டி ஆட்டிக் கேட்டான்.

"இருலே, இன்னும் ஒரே ஒரு மின்னல்!"

அந்த மின்னல் பனைமேலேயே விழுந்தது.

மாடன் குடித்துவிட்டுத் தானாக ஏறினான் என்று அண்ணாச்சி ஊரெல்லாம் சொன்னார். ஆனால் நெகட்டிவ்வில் அந்தக் கை இருந்தது. கெஞ்சும் கை. அதைப் பென்சிலால் பூசி மறைத்தவன் நான். பாவி, வேலை போய்விடுமென்று பயந்து மறைத்தேன்.

மாடனின் மனைவி உலகம்மை ஸ்டுடியோவுக்கு வந்தாள். அழவில்லை. சுவரில் மாட்டியிருந்த படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"எங்க வீட்டு ஆளு ஒரு சொட்டு குடிச்சதில்ல. அவுகளக் குடிகாரன்னுட்டிய. ஏறுனவுக எறங்காமலா போவாக?"

இந்தக் கோடையின் முதல் இடிக்கு மறுநாள், படத்தில் மாடன் உச்சியில் இல்லை. நாலு முழம் கீழே இருந்தான். அடுத்த இடிக்குப் பாதி மரம். நேற்றைய இடிக்குக் கால் தரையைத் தொட ஒரு சாண் பாக்கி.

"அண்ணாச்சி, திரும்பிருவோம். உலகம்மைட்ட உண்மையச் சொல்லிருவோம்," என்றேன், முக்காலியோடு நடந்தபடி.

"சிவசைலம், பென்சில் புடிச்சுப் புடிச்சு ஒனக்குக் கண்ணு கெட்டுப்போச்சுலே," என்று சிரித்தார்.

ஒரு பனைகூட இல்லாத வெட்டவெளியாகப் பார்த்து முக்காலியை ஊன்றினேன். பொழுது இறங்கி வெளிச்சம் மங்கியது. அண்ணாச்சி கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தார். காற்று சட்டென்று நின்றது. பச்சை ஓலை கருகும் வாடை வந்தது.

சரக்.

பனையேறியின் மார்பு மரத்தில் உரசும் சத்தம்.

சரக்... சரக்...

அது மேலிருந்து கீழே வந்தது. பிறகு, மண்ணில் ஒரு கால் ஊன்றியது.

"லென்ஸுக்கு முன்னால கைய வைக்காதலே," என்று துணிக்குள்ளிருந்து அண்ணாச்சி முனகினார்.

என் இரண்டு கையும் முக்காலியைப் பிடித்திருந்தன.

மின்னல் வெட்டியது. கண் தெளிந்து பார்த்தபோது அண்ணாச்சி தரையில் கிடந்தார். துணியை விலக்கினேன். மூச்சில்லை. துணியில் பொட்டுக் கருகல் இல்லை. முகத்தில் மட்டும் ஐந்து விரல் கருகிப் பதிந்திருந்தது.

மறுநாள் ஸ்டுடியோவைத் திறந்தேன். படத்தில் வெறும் பனை நின்றது. நெகட்டிவ்வை எடுத்துக்கொண்டு உலகம்மையிடம் ஓடினேன். மாடன் குடிக்கவில்லை, இறங்கக் கெஞ்சினான் என்று ஊர் கேட்கச் சொன்னேன்.

"இந்தக் கைய மறைச்சது யாரு?" என்று கேட்டாள்.

"அண்ணாச்சிதான்."

நாக்கூசாமல் சொல்லிவிட்டேன். அவள் என் வலது கையையே பார்த்தாள்.

அன்று சாயங்காலம் குற்றாலத்து மலையில் இடி உறுமியது. ஸ்டுடியோ சுவரைப் பார்த்தேன். பனையுச்சியில் மறுபடியும் ஓர் ஆள் இருந்தான், கையை ஆட்டிக்கொண்டு.

மாடன் இல்லை.

அவன் காதில் பென்சில் இருந்தது.