ஏழு நிமிடத் தாமதம்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பொய்யென்றால், மிச்சமிருக்கும் என் நான்கு பற்களும் இன்றே உதிரட்டும்.

இரண்டு சிறிய விமான நிலையங்கள். நடுவே இருநூற்றுப் பத்து கிலோமீட்டர். பறக்கிற நேரம் நாற்பது நிமிடம். ஒரு மழை நாளில் இறங்கி ஓடிவந்த இளம் விமானி, வருகை நேரம் குறிக்கும் பெண்மீது வாசலிலேயே மோதினான். அவள் கையிலிருந்த பதிவேடு தண்ணீரில் விழுந்தது.

"ஏங்க, கண்ணு தெரியல?"

"உங்க கண்ணுதாங்க தெரிஞ்சுது... மத்தது எதுவும் தெரியல."

மழைத்துளி தங்கிய இமைகள்... அவற்றை அவள் உயர்த்தியதும், ஓடுபாதையோரத்தில் காற்றின் திசை காட்டும் துணிப்பை காற்றை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பியது. என் கண்ணால் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து அந்த விமானத்துக்கு நாற்பத்தேழு நிமிடம் ஆனது. தினமும். அவனுக்கு 'ஏழு நிமிஷம்' என்றே பெயர் விழுந்துவிட்டது. தாமதமானால் விமானி ஒரு படிவத்தில் காரணம் எழுதி அவளிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அவன் எழுதுவது ஒன்றுதான்: எதிர்க்காற்று.

"வரும்போதும் எதிர்க்காத்து, போகும்போதும் எதிர்க்காத்தா? உங்களுக்குன்னு தனியா வீசுதா சார்?"

"என் ராசி அப்படிங்க."

விமானமோ நிலையத்தைச் சுற்றிச் சுற்றி வந்துதான் இறங்கும். பயணிகள் பழகிவிட்டார்கள். ஒருநாள் ஒரு சுற்று குறைந்ததற்கு ஒரு மாமா புகாரே எழுதிக் கொடுத்தார்.

மேலாளர் மட்டும் பழகவில்லை. "இன்னிக்கு நிஜமான காரணம் வரலேன்னா, நாளையிலேருந்து அவருக்கு வேற ரூட்டும்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டார்.

வேறு ரூட்டா... இனி அந்தக் காலடிச் சத்தம் கேட்காதா? அவன் இறங்கி வந்ததும் அவள் படிவத்தை அவன் முன் நீட்டினாள்.

"எழுதுங்க. நிஜத்தை. இல்லேன்னா நாளையிலேருந்து உங்களுக்கு வேற ரூட்டாம்."

"எழுதினா நீங்க சிரிப்பீங்க. அதுக்கு ரூட் போனா போகட்டும்."

"அப்பப் போங்க! உங்க வீம்பைக் கட்டிக்கிட்டு நீங்களே பறங்க!"

வாசல்வரை போனான். நின்றான்... காது சிவக்கத் திரும்பி வந்து எழுதினான்: 'காரணம், நிலையத்து மொட்டைமாடியில் நிற்கும் பெண். இரண்டு சுற்று வந்தால்தான் மனசு நிறைகிறது.'

அவள் படித்தாள். சிரிக்கவில்லை.

"அவ்வளவு உயரத்துலேருந்து என் முகம் தெரியுதா?"

"எங்க தெரியுது... குடை மட்டும்தான் தெரியும்."

"பின்ன, வெயிலும் இல்ல, மழையும் இல்ல... நான் எதுக்குத் தினமும் சிவப்புக் குடையோட மாடியேறி நிக்கிறேன்? மக்கு!"

குனிந்து கையெழுத்திட்டாள். முகம் குடையைவிடச் சிவந்திருந்தது. மேலாளர் அந்தப் படிவத்தை இரண்டுமுறை படித்தார், தொண்டையைக் கனைத்துக்கொண்டார், கால அட்டவணையில் பயண நேரத்தை நாற்பத்தேழு நிமிடம் என்று திருத்தினார்.

அந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே இன்றுவரை விமானம் விட்டதில்லை. பஸ்தான், ஐந்து மணி நேரம்.