தோணிக்கு ஞானத்தாய்

மழைக்கு ஒதுங்க ஹில்டாவுக்குக் கிடைத்த இடம் ஒரு தோணியின் அடிவயிறுதான்.

ஆவணி மாதத்தில் தூத்துக்குடியில் மழை பெய்யும் என்று யார் கண்டார்கள்? உலக யுத்தம் முடிந்த மறுவருஷம் அது. பள்ளிக்கூடத்தில் பாடம் முடித்துக் கடற்கரை வழியாக வந்துகொண்டிருந்தாள். சடசடவென்று பிடித்துக்கொண்டது. பழுது பார்ப்பதற்காகக் கரையேற்றி முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்த பழைய தோணியின் கீழே ஓடி நின்றாள்.

"ஏளா! அங்கன சாயாத!"

திரும்பினாள். நனைந்த சட்டையோடு ஒருவன்... தூரத்தைப் பார்த்துப் பார்த்துச் சுருங்கிய கண்கள். அந்தக் கண்கள் அவளைக் கண்டதும் கொஞ்சம் விரிந்தன.

"யாரைப் பாத்து ஏளாங்கிறீய? நான் டீச்சர்!"

"டீச்சரா இருந்தா மீனெண்ணெய் ஒட்டாதாக்கும்?"

முந்தானையைப் பார்த்தாள். பலகையில் புதிதாகப் பூசிய எண்ணெய், வெள்ளைச் சேலையில் ஒரு சாண் அகலத்துக்கு அப்பியிருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. பாவி, அவனுக்குச் சிரிப்பு வந்தது.

அவன் இனிகோ. 'அடைக்கல மாதா' என்ற அந்தத் தோணிக்குச் சொந்தக்காரன். கொழும்புக்குச் சரக்கேற்றிப் பாய் விரித்துப் போகும்போது அதை ஓட்டிச்செல்லும் தண்டலும் அவன்தான். பாதிப் பலகைக்கு மேல் மாற்றினால் புதுத் தோணிக் கணக்கு. சாமியார் வந்து மறுபடி மந்திரிக்க வேண்டும். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதுபோல, மெழுகுதிரி பிடிக்கத் தோணிக்கும் ஒரு ஞானத்தாய் வேண்டும். ஒத்துக்கொண்டிருந்த அவன் அத்தை அமலோற்பவம் மந்திரிப்பு நாளான அன்றைக்கென்று காய்ச்சலில் படுத்துவிட்டாள்.

குடை பிடித்து வந்த சாமியார் சுற்றுமுற்றும் பார்த்தார். "விக்டர் மகதானே நீ? வா, திரியப் பிடி."

மழை விட்டது. எண்ணெய்க் கறைச் சேலையோடு ஹில்டா மெழுகுதிரி பிடித்தாள். சுடர் அணையாமல் இரு கையாலும் காற்றை மறைத்தவன் இனிகோ. சொட்டிய மெழுகு விரலைச் சுட்டும் அவன் கையை எடுக்காததை அவள் பார்த்தாள்... பார்க்காததுபோல் இருந்துகொண்டாள்.

அதன்பிறகு ஒவ்வொரு நடை முடிந்து வரும்போதும், ஞாயிறு பூசைக்குப் பின் மாதா கோவில் வாசலில் இதே பேச்சுத்தான்.

"எம் பிள்ளை சுகமா இருக்கா?"

"எங்க... ஒரே அழுகை. அம்மாவத் தேடுது."

"நல்லா வளக்கீய போங்க!"

தை மாதம் அத்தை அமலோற்பவம் தட்டோடு பெண் கேட்டுப் போனாள். துறைமுக ஆபீஸில் வேலை பார்க்கும் ஹில்டாவின் அப்பா விக்டர் தட்டைத் தொடவில்லை.

"என்ன பேச்சு பேசுதீய? எம்மக அந்தத் தோணிக்கு ஞானத்தாய். தோணிக்காரன் அதுக்குத் தகப்பன் முறை. ஞான உறவுக்குள்ள கலியாணமா? பாவமில்லியா?"

அத்தைக்கும் அப்போதுதான் உறைத்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டாள். கதவுக்குப் பின்னால் நின்று ஹில்டா எல்லாவற்றையும் கேட்டாள். விளையாட்டாகப் பிள்ளை, பிள்ளை என்று கொஞ்சியதெல்லாம் இப்படிக் கழுத்தைப் பிடிக்குமா? அன்று முதல் அவள் விடியற்காலைப் பூசைக்கு மாறிக்கொண்டாள். அவனும் தேடி வரவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

தபசுகாலத்து நோன்பு நாளில் மனம் தாங்காமல் சாமியாரிடமே போய், தன் நினைப்பே பாவமா என்று கேட்டாள்.

சாமியார் விழித்தார். "மரப்பலகைக்கு மந்திரிப்புத்தான் மகளே, ஞானஸ்நானம் இல்ல. ஞான உறவு எங்கிருந்து வரும்? ஒரு தடையும் இல்லன்னு தையிலயே இனிகோகிட்டச் சொன்னேனே... சொல்லலியா?"

ஹில்டா நேரே கடற்கரைக்கு நடந்தாள். தோணியில் வெங்காய மூட்டை ஏறிக்கொண்டிருந்தது.

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீய?"

இனிகோ குனிந்து ஒரு மூட்டையின் கயிற்றை இறுக்கினான்.

"சொல்லுங்க! என்னை வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க. எதுக்கு இந்த மௌனம்?"

"வேண்டாம்னு இல்ல டீச்சர்..." அவன் கடலைப் பார்த்தான். "எங்கப்பா போன தோணி திரும்பி வரல. எங்கம்மா செத்துப்போற வரைக்கும் தினமும் இங்கன வந்து நின்னா. மழையிலயும் நின்னா. உங்கப்பா முடியாதுன்னதும் வலிச்சுது... கூடவே ஒரு நிம்மதி. ஒரு பொம்பளையக் கரையில நிக்க வைக்கவேண்டாம் பாருங்க."

அவளுடைய கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது.

"கரையில யாரு நிக்கப்போறா? நான் கூட வாரேன்."

மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த மூத்த தோணியாள் மரியான் திடுக்கிட்டான். "ஆகாது தாயி! பொம்பள தோணியில ஏறப்படாது. அது எங்க வழக்கம்."

"பெத்த பிள்ளை வீட்டுக்குத் தாய் போகப்படாதுன்னும் வழக்கம் இருக்கா? ரெண்டு மாசமா என்னை ஞானத்தாய்னு சொல்லித்தானே அழவச்சீய? அப்ப இதுக்கும் ஒத்துக்கிடுங்க!"

மரியான் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, ஏறும் பலகையில் விழுந்த வெங்காயச் சருகைத் தட்டிவிட்டு, வழிவிட்டான்.

"தண்ணி பீப்பாய்லதான். சோறு மணல்பெட்டி அடுப்புல. காத்து விழுந்து பாய் தொங்கிட்டா நடுக்கடல்ல கிடக்கணும்..." இனிகோ தடுமாறினான்.

"உங்ககூடக் கிடக்கேன்."

சாமியாரே வீட்டுக்கு வந்து பேசியபின் விக்டர் இறங்கிவந்தார். பாஸ்குத் திருநாள் முடிந்து தாலி ஏறியது. மறுவாரமே வேலையை விட்டுவிட்டு ஒரு டிரங்குப் பெட்டியோடு ஹில்டா தோணி ஏறினாள்.

கரைக்காற்றில் பாய் நிறைந்தது. முதல் அலையிலேயே அவளுக்குத் தலை சுற்றியது. சுக்கான் பிடித்திருந்த அவன் காலடியில் பலகையைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். மாதா கோவில் கோபுரம் சிறுத்துக்கொண்டே போனது. இனிகோ வெகுநேரம் பின்னால் பார்த்தபடியே இருந்தான்.

"என்ன பாக்கீய?"

"இத்தன வருஷத்துல கெளம்பும்போது கரையத் திரும்பிப் பாத்ததே இல்ல, ஹில்டா. எங்கம்மா நிக்கிற மாதிரியே இருக்கும். இன்னைக்குத்தான் பாக்கேன்."

"யாரு நிக்கா?"

அவன் ஒரு கையைச் சுக்கானிலிருந்து எடுத்து அவள் தலைமேல் வைத்தான்.

"யாருமே இல்ல..."