ரோசியையும் பட்டரையும் எப்போது விடலாம்?

சச்சிதானந்தன் மாமா ஒரு வீடு வாங்கினார். வீட்டோடு இரண்டு குதிரைகளும் வந்தன.

உண்மையாகத்தான்! கனடாவில், மார்க்கம் நகரம் தாண்டி, கடைகளும் சிக்னல் விளக்குகளும் முடிந்துபோகிற இடத்தில் அந்த வீடு இருந்தது. பின்னால் பெரிய புல்வெளி. அதன் ஓரத்தில் ஒரு லாயம். பழைய சொந்தக்காரியான கரோலினுக்கு முழங்கால் வலி. அதனால் அவர் ஒரு அப்பார்ட்மெண்டுக்குக் குடிபோனார். அங்கே குதிரைகளை எப்படிக் கொண்டுபோவது?

"அதுகள் இஞ்சயே நிக்கட்டும். நான் பாக்கிறன்" என்று மாமா சொல்லிவிட்டார்.

அதுவரை ஸ்காபரோவில் பலசரக்குக் கடை நடத்தியவர் அவர். குதிரையைப் பற்றி அப்போது அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அதற்கு நாலு கால்.

குளிர்காலம் முழுக்கக் கரோலின் வந்து வந்து சொல்லிக்கொடுத்தார். மாமாவும் பாலேஸ்வரி மாமியும் தண்ணீர் வைக்கவும், சாணம் அள்ளவும், காய்ந்த புல் போடவும் பழகிக்கொண்டார்கள். ரோசி உயரமான பழுப்பு நிறக் குதிரை. பட்டர் பொனி என்கிற குட்டை இனக் குதிரை. வெண்ணெய் நிறம், உருண்டை உடம்பு. பனிக்காலத்தில் இரண்டும் லாயத்திலும் அதன் முன்னால் இருந்த மணல் முற்றத்திலும்தான் நின்றன. முற்றத்துக்கும் புல்வெளிக்கும் நடுவில் ஒரு நீளமான படலைக் கதவு இருந்தது.

சனிக்கிழமைகளில் மோர்னிங்சைட்டிலிருந்து தனுஷிகாவும் தம்பி துஷாந்தும் அம்மாவோடு அங்கே வருவார்கள். தனுஷிகாவுக்குப் பத்து வயது. அவள் கேள்வி கேட்கத் தொடங்கினால், கார் மார்க்கம் தாண்டும்வரை நிறுத்தமாட்டாள்.

ஏப்ரல் கடைசியில் பனி எல்லாம் உருகியிருந்தது. புல்வெளியில் பச்சை எட்டிப் பார்த்தது. பட்டர் படலைக்கு மேலால் கழுத்தை நீட்டி மோப்பம் பிடித்தது. பிறகு பெரிதாக ஒரு தும்மல் போட்டது.

"மாமா, இதுகளை எப்ப வெளியில விடுறது? முழு நாளும் புல்வெளியிலயே நிக்கிற மாதிரி?" என்று தனுஷிகா கேட்டாள்.

"வாற சனிக்கிழமை!" மாமா உடனே தன் போனை எடுத்துக் காட்டினார். அதில் பூப்போட்ட அழைப்பிதழ் ஒன்று இருந்தது. "எல்லாருக்கும் அனுப்பியாச்சு. படலையில ரிப்பன் கட்டுறம். நான் வெட்டுறன். ரெண்டும் பாய்ஞ்சு ஓடும். எல்லாரும் கை தட்டுவினம். பிறகு சாப்பிட ரோல்ஸ்!"

"ஏன் வாற சனிக்கிழமை?"

"அண்டைக்குத்தான் எல்லாருக்கும் லீவு."

"குதிரைக்கு?"

"குதிரைக்கு எண்டைக்கும் லீவுதானே!" மாமா சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

தனுஷிகாவுக்குத் திருப்தியில்லை. மனிதருக்கு வசதியான நாள் குதிரைக்கும் வசதியாக இருக்குமா?

அவள் மாமியைக் கேட்டாள். "வெயில் எறிச்சா விடலாம்" என்றார் மாமி.

அம்மாவைக் கேட்டாள். "நான் ஜக்கெட் இல்லாமல் வெளியில போற அண்டைக்கு விடலாம்" என்றார் அம்மா.

"அதுகளையே கேப்பமே" என்றான் துஷாந்த். "பட்டர், உனக்கு எப்ப போகவேணும்?"

பட்டர் படலையை நக்கியது.

"இப்பவாம், அக்கா."

கடைசியில் மாமியின் போனிலிருந்து தனுஷிகா கரோலினைக் கூப்பிட்டாள். கரோலினுக்கு முழங்காலில் ஆபரேஷன் முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அவரால் நேரில் வர முடியாது.

"நல்ல கேள்வி" என்று கரோலின் ஆங்கிலத்தில் சொன்னார். "ஆனால் இங்கே கட்டிலில் கிடந்துகொண்டு நான் எப்படிப் பதில் சொல்வது? நீ எனக்கு மூன்று விஷயம் பார்த்துச் சொல். நிலத்தில் நின்றால் உன் பூட்ஸ் எவ்வளவு தூரம் இறங்குகிறது? புல் எவ்வளவு உயரம்? பட்டரின் கழுத்து எப்படி இருக்கிறது?"

"கழுத்தா?"

"தொட்டுப் பார். மெத்தென்று இருக்கிறதா, கட்டியாக இருக்கிறதா?"

அக்காவும் தம்பியும் படலையைத் தாண்டிப் புல்வெளியில் நடந்தார்கள். லாயத்துக்குப் பக்கத்தில் நிலம் கொஞ்சம் மேடாக இருந்தது. அங்கே நடப்பது சுகமாக இருந்தது. பள்ளத்தில் இறங்கியதும், சளக்!

தனுஷிகா வலது காலைத் தூக்கினாள். கால் வந்தது. பூட்ஸ் வரவில்லை.

"துஷாந்த், இழு!"

அவன் இரண்டு கையாலும் பூட்ஸைப் பிடித்து இழுத்தான். அது ஒரு சத்தத்தோடு கழன்று வந்தது. அவன் பின்பக்கமாகச் சேற்றில் உட்கார்ந்தான்.

"நான் விழேல்லை. சும்மா இருந்தனான்" என்றான்.

ஆனால் தனுஷிகா அவனைக் கவனிக்கவில்லை. பூட்ஸ் நின்ற குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் மெல்லத் தண்ணீர் ஊறியது.

"நானே இவ்வளவு புதைஞ்சனான் எண்டா, ரோசி என்ன பாடுபடும்? ஓடேக்க கால் புதைஞ்சா முறிஞ்சு போயிடாதா?"

அவள் குனிந்து புல்லுக்குள் கையை வைத்தாள். புல் அவளுடைய சின்ன விரல் அளவுகூட இல்லை. பிறகு முற்றத்துக்குப் போய்ப் பட்டரின் பிடரி மயிருக்குக் கீழே தொட்டுப் பார்த்தாள். சுருட்டி வைத்த குளியல் துவாய் போலக் கழுத்து கட்டியாக இருந்தது.

எல்லாவற்றையும் கேட்ட கரோலின், "ம்ம்" என்றார். "அப்படியென்றால் இன்னும் காலம் வரவில்லை. இளம் புல்லில் சீனிச்சத்து அதிகம். குளிர்காலம் முழுக்கக் காய்ந்த புல் தின்ற வயிறு அதைத் திடீரென்று தாங்காது. பட்டரின் கழுத்தில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது. அந்த மாதிரிக் குதிரை அளவுக்கு மிஞ்சித் தின்றால் குளம்புக்குள் வீங்கிவிடும். நடக்கவே முடியாமல் போகும்."

"புல்லுத் தின்றால் காலா நோகும்?" தனுஷிகாவின் கண்கள் விரிந்தன. "வயிற்றுக்குப் போற சாப்பாடு எப்படிக் காலுக்குப் போகும்?"

"இரத்தத்தோடு போகும். நீ கேட்கிற கேள்வியைப் பெரிய டாக்டர்களே இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்."

பக்கத்தில் நின்ற துஷாந்த், அன்று காலையில் தின்ற இரண்டு டோனட்டையும் நினைத்துத் தன் பாதங்களைக் குனிந்து பார்த்தான்.

"புல் உன் கையை முழுதாக மறைக்க வேண்டும். நிலம் இறுக வேண்டும். தினமும் நடத்தி, பட்டரின் கழுத்தும் இளக வேண்டும்" என்றார் கரோலின். "அப்போதும் முதல் நாளே முழு நேரம் விடக்கூடாது. முதலில் வயிறு நிறையக் காய்ந்த புல் கொடுத்துவிட்டு, பதினைந்து நிமிடம். பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும்."

மாமா வீட்டுக்குள் ரிப்பன் அளந்துகொண்டிருந்தார். தனுஷிகா விஷயத்தைச் சொன்னாள்.

"விசர்க் கதை கதையாதை, பிள்ளை. குதிரை புல்லுத் தின்னத்தானே பிறந்தது?"

"மாமா, ஒருக்கா வந்து அந்தப் பள்ளத்தில நில்லுங்கோ. பிளீஸ்."

மாமா வந்தார். நின்றார். அவருடைய பளபளக்கும் சப்பாத்து கணுக்கால்வரை இறங்கியது.

"இப்ப நான் ஆக்களுக்கு என்ன சொல்லுறது?" என்றார் மெதுவாக. "நான் இந்த இடம் வாங்கேக்கயே எல்லாரும் பகிடி பண்ணினவை. கடைக்காரன் குதிரை மேய்க்கப் போறானாம் எண்டு. இதையும் நிப்பாட்டினா இன்னும் சிரிப்பினம்."

மாமா இப்படிக் குரல் இறங்கிப் பேசி அவள் கேட்டதே இல்லை. அவளுக்கு ஒரு மாதிரி இருந்தது. அவள் சுற்றிலும் பார்த்தாள். பள்ளம், தண்ணீர், சேறு. லாயத்துக்குப் பக்கத்தில் மட்டும் அந்த மேடு.

"நிப்பாட்ட வேண்டாம், மாமா" என்றாள். "அந்த மேடு காய்ஞ்சுதானே கிடக்கு? அதைச் சுத்தி மட்டும் வேலி போடுவம். அண்டைக்குப் பதினைஞ்சு நிமிசம் விடுவம். ரிப்பனும் வெட்டலாம். ரோல்ஸும் சாப்பிடலாம்."

மாமா அவளைப் பார்த்தார். பிறகு சேற்றிலிருந்து காலை இழுத்தெடுத்தார். இந்த முறை சப்பாத்தும் கூடவே வந்தது.

"கரோலினிட்டக் கேட்டுச் சொல்லு" என்றார்.

"கெட்டிக்காரி" என்று கரோலின் சொன்னார். "காய்ந்த மேட்டில், வயிறு நிறைந்த பிறகு, பதினைந்து நிமிடம் மட்டும் என்றால் இப்போதே தொடங்கலாம்."

அடுத்த சனிக்கிழமை வாசலில் கார்கள் நிறைந்தன. படலைக்கு அப்பால் மேட்டைச் சுற்றி மாமா நாடா வேலி கட்டியிருந்தார். தூரத்துப் பிறம்ரன் நகரத்திலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். சிலர் கோட் சூட், சிலர் சேலை. குதிரைகளுக்குக் காலையிலேயே வயிறு நிறையக் காய்ந்த புல் கொடுத்தாயிற்று. மாமா ரிப்பனை வெட்டினார். படலை திறந்தது. எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

ரோசி நாலு அடி நடந்தது. பட்டர் இரண்டே அடி நடந்தது. இரண்டும் தலையைக் குனிந்து மேயத் தொடங்கின.

"ஓடேல்லையே?" என்றார் ஒருவர்.

"அதுகளுக்கும் ரோல்ஸ்தான் முக்கியம்" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

பதினைந்து நிமிடம் முடிந்தது. மாமா கயிற்றோடு போனதும் ரோசி சமர்த்தாக வந்தது. பட்டர் வரவில்லை. மாமா வலப்பக்கம் போனால் அது இடப்பக்கம் போனது. வாய் மட்டும் மென்றுகொண்டே இருந்தது. கோட் போட்ட அங்கிள்மார் நாலு பேர் உதவிக்குப் பாய்ந்தார்கள். ஒருவர் வழுக்கி விழுந்தார். சேலை கட்டிய ஒரு அன்ரி வடையைக் காட்டி, "பா, பா" என்று கூப்பிட்டார். பட்டர் அவர்கள் எல்லோருக்கும் நடுவால் ஓடியது.

"சச்சி, கடையில கள்ளனைப் பிடிக்கிறது லேசு போல கிடக்கு!" என்று யாரோ கத்தினார்கள்.

மாமாவின் முகம் சுருங்கியது. தனுஷிகா அதைக் கண்டாள். பட்டரையும் கண்டாள். அது துரத்தத் துரத்த ஓடுகிறது, நின்றால் தின்கிறது. இப்படியே போனால் அது தின்று முடித்துவிடும்.

"எல்லாரும் நில்லுங்கோ!" என்று அவள் கத்தினாள். தன் குரல் அவ்வளவு பெரிதாக வருமென்று அவளுக்கே தெரியாது. "ஒருத்தரும் துரத்தாதேங்கோ! மாமா, நீங்கள் ரோசியை லாயத்துக்குள்ள கொண்டு போங்கோ. பட்டரின்ர கண்ணுக்குத் தெரியாத இடத்தில நிப்பாட்டுங்கோ."

"ரோசி நல்லாத்தானே நிக்குது? வராதது மற்றதெல்லோ?"

"ஓம் மாமா. ரோசியைக் காணாட்டி பட்டரால நிக்கேலாது. குளிருக்க ஒவ்வொரு கிழமையும் பாத்தனான்."

மாமா ரோசியை உள்ளே கொண்டுபோனார். எல்லோரும் அசையாமல் நின்றார்கள். துஷாந்த் மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டான்.

பட்டர் ஒரு வாய் தின்றது. தலையைத் தூக்கியது. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. பிறகு கழுத்தை நீட்டிப் பெரிதாகக் கனைத்தது. உள்ளேயிருந்து ரோசி பதில் கொடுத்தது. உடனே பட்டர், வயிறு குலுங்கக் குலுங்க, கோட்டுகளையும் சேலைகளையும் தாண்டித் தானாகவே லாயத்துக்குள் ஓடியது.

இப்போதுதான் எல்லோரும் கை தட்டினார்கள்.

"ஏன் சச்சி, இவ்வளவு பெரிய வெளி கிடக்க, ஒரு துண்டு நிலத்தில, அதுவும் கொஞ்ச நேரம்தான் விடுறாய்?" என்று பிறம்ரனிலிருந்து வந்த ஒருவர் கேட்டார்.

மாமா நெஞ்சை நிமிர்த்தினார். "அதை என்ர மருமகளிட்டக் கேளுங்கோ. இஞ்ச அவதான் நாள் வைக்கிறது."

தனுஷிகா சொன்னாள். சீனியைச் சொன்னாள், குளம்பைச் சொன்னாள், சேற்றைச் சொன்னாள். "புல்லு கையை மறைக்கவேணும்" என்று அவள் சொன்னதும், வடை அன்ரி குனிந்து புல்லுக்குள் கையை வைத்துப் பார்த்தார். அடுத்தவரும் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் வந்தவர்கள் எல்லோரும் வேலி ஓரமாகக் குனிந்து நின்று கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சமையலறை ஜன்னலால் எட்டிப் பார்த்த மாமி, "என்னத்தைத் துலைச்சவை?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு மாமா தினமும் பின்னேரம் அவளுக்குப் போன் எடுத்தார். "இண்டைக்கு அரை மணித்தியாலம் விட்டனான், பிள்ளை. பட்டர் நல்லா நடக்குது." இன்னொரு நாள், "மழை பெய்து பள்ளம் திரும்பவும் சேறு. என்ன செய்வம்?"

"பொறுப்பம், மாமா."

"ஓம், பொறுப்பம்."

மே மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை தனுஷிகா தனியாகப் புல்வெளி முழுக்க நடந்தாள். பள்ளத்தில் இறங்கிக் குதித்தாள். பூட்ஸ் இறங்கவில்லை. புல்லுக்குள் கையை வைத்தாள். கை காணாமல் போனது. பட்டரின் கழுத்தையும் தடவிப் பார்த்தாள். அது இளகி, மெத்தென்று இருந்தது.

"இண்டைக்கு விடலாம்" என்றாள்.

விருந்தாளிகள் இல்லை. மாமா, மாமி, அம்மா, துஷாந்த் மட்டும்தான். மாமா மேட்டைச் சுற்றியிருந்த வேலியைச் சுருட்டி எடுத்தார்.

வேலி நின்ற இடத்தைத் தாண்டி ரோசி ஒரு அடி வைத்தது. அது நம்பவில்லை போலிருந்தது. இன்னொரு அடி வைத்தது. பிறகு ஒரே பாய்ச்சல்! பழுப்பு வால் காற்றில் நீள, அது புல்வெளியின் அந்தக் கோடிக்கு ஓடியது. பட்டர் தன் குட்டைக் கால்களை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டு பின்னால் பறந்தது. ஓடிக் களைத்ததும் ரோசி புல்லில் விழுந்து, நாலு காலையும் வானத்துக்குத் தூக்கி உருண்டது.

மாமா படம் பிடிக்கப் போனை எடுக்க மறந்துபோனார்.

"மாமா, இண்டைக்கு எத்தினை நிமிசம்?" என்று துஷாந்த் கேட்டான்.

மாமா தனுஷிகாவைப் பார்த்தார். அவள் சிரித்தாள்.

அன்று மாலை ரோசியையும் பட்டரையும் யாரும் உள்ளே கூப்பிடவில்லை. லாயத்தின் கதவை மூடவும் இல்லை.