ஸ்டெபனியின் லப்டொப்

ஒரே மேசை, ஒரே கதிரை, ஒரே வைஃபை. ஜஸ்ரினின் போனில் வேகம் இருநூற்று நாற்பது என்று காட்டியது. செரீனாவின் லப்டொப்பில் பதினொன்று. அவள் மூன்று தடவை பார்த்தாள். போனை எடுத்து லப்டொப்பின் மேலேயே வைத்துப் பார்த்தாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளிகூட இல்லை, ஆனாலும் ஒன்று பறந்தது, மற்றது தவழ்ந்தது. இந்த வீட்டில் வைஃபைகூட ஆளைப் பார்த்துத்தான் கொடுக்கிறது என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

அவள் மன்னாரிலிருந்து ஜஸ்ரினைக் கட்டி வந்து எட்டு மாதம். இந்தக் குளிர் நாட்டில், ரூஜ் என்ற ஊரில் இருந்த இந்த வீட்டை ஜஸ்ரினும் அவனுடைய முதல் மனைவி ஸ்டெபனியும் சேர்ந்து வாங்கினார்கள். ஸ்டெபனி புற்றுநோயில் போய் மூன்று வருடமாகிவிட்டது. போனாளா என்பதுதான் செரீனாவின் சந்தேகம். திரைச்சீலை ஸ்டெபனி தெரிந்தெடுத்தது. மிளகாய்த்தூள் போத்தலில் ஸ்டெபனியின் கையெழுத்து. செரீனா பூசைக்குப் போட்டுக்கொண்டு போகும் குளிர் ஜக்கெற் ஸ்டெபனியுடையது, கைகள் இரண்டும் அவளுக்கு ஒரு அங்குலம் நீளம். இந்த லப்டொப்பும் அப்படி வந்ததுதான். “புதுசு மாதிரிக் கிடக்குது, பிறகேன் இன்னொண்டு” என்று ஜஸ்ரின் துடைத்துக் கொடுத்தான். ஸ்டெபனி அக்காவின் கணவனைத் துடைத்துக் கொடுத்தது யார் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. லப்டொப்பை வாங்கி மேசையில் வைத்தாள்.

சும்மா சொல்லக்கூடாது, ஜஸ்ரின் நல்லவன். குரல் உயர்த்தமாட்டான். சாப்பாட்டில் குறை சொல்லமாட்டான். ஆனால் அவளைப் பார்க்கும்போது அவன் கண், வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல மரியாதையாகப் பார்க்கும். அந்த மரியாதையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அதனால்தான் வேலை தேடினாள். வீட்டிலிருந்தபடி வாடிக்கையாளர்களின் அழைப்புக்குப் பதில் சொல்லும் வேலை. கிடைத்தும் விட்டது, ஒரேயொரு நிபந்தனையோடு: வியாழன் மாலை ஐந்து மணிக்குள் லப்டொப்பின் இணைய வேகம் குறைந்தது இருபத்தைந்து என்று படம் பிடித்து அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் இடம் அடுத்தவருக்கு. முதல் சம்பளத்தில் திரைச்சீலை முழுவதையும் கழற்றி எறிந்து புதிதாகப் போடுவதென்று அவள் தீர்மானித்திருந்தாள். பிறகாவது ஜஸ்ரின் தன்னை இந்த வீட்டுக்காரியாகப் பார்ப்பான் என்பது அவள் கணக்கு.

ஞாயிறு பின்னேரம் ஜஸ்ரின் தன்னோடு வேலை செய்யும் கோணேஸ்வரன் அண்ணைக்குப் போன் எடுத்துக் கொடுத்தான். திருகோணமலைக்காரர், கம்பியூட்டர் விசயத்தில் கெட்டிக்காரர்.

“ரூட்டர் எங்க தங்கச்சி கிடக்குது?”

“மேல. சாமிப்படத் தட்டில.”

அவர் சிரித்தார். “எங்கட வீட்டிலயும் சாமித்தட்டிலதான். லைற்றுக்குப் பிளக் அங்கதானே இருக்கிறது.”

அது உண்மைதான். ஸ்டெபனி படுக்கையாய்க் கிடந்த கடைசி வருடம், திரு இருதய ஆண்டவர் படத்தையும் அதன் தட்டையும் ஜஸ்ரின் மேல்மாடிக் கடைசி அறைக்குக் கொண்டுபோய் அவள் கண்ணுக்கு நேரே அடித்துக் கொடுத்தான். படத்துக்கு முன்னால் எரியும் சின்னச் சிவப்பு லைற்றுக்காகப் பிளக்கும் அங்கே வந்தது. இணைப்புப் போட வந்தவன் பிளக் எங்கே என்று கேட்க, அதைக் காட்டினார்கள். அன்றிலிருந்து ரூட்டர் ஆண்டவரின் காலடியில் இருந்தது. பிறகு ஸ்டெபனியின் படமும் அதே தட்டுக்கு வந்தது. ஜஸ்ரின் வேலையால் வந்ததும், காலுறைகூடக் கழற்றாமல், மேலே போய் அந்தப் படத்தைத் துடைப்பான். கதவு பாதி சாத்தியிருக்கும். ஏதோ கதைக்கும் சத்தம் கேட்கும்.

“விளங்கப்படுத்திறன் கேளும்” என்றார் கோணேஸ்வரன் அண்ணை. “ரூட்டர் ரெண்டு விதமா அலை விடும். ஒண்டு வேகமானது, ஆனா சுவர் தாண்டித் தாண்டி வரேக்க களைச்சுப்போம். மற்றது தூரம் போகும், ஆனா ஆறுதலாத்தான் போகும். ஜஸ்ரின்ர போன் புதுசு, வேகமானதைப் பிடிக்குது. உம்மட லப்டொப் உள்ளுக்க பழசு, கீழ இருந்தா மற்றதைத்தான் பிடிக்கும். கிட்டப் போகப் போகக் கூடும், எட்ட வர வரக் குறையும், அவ்வளவுதான். வழியில பெரிய கண்ணாடி ஏதும் நிக்குதோ?”

“ஓம், அந்த அறை வாசலில ஒரு கண்ணாடி அலுமாரி.”

“அது நல்லா மறிக்கும். நீர் மேல போய் இருந்து செய்யுமன், நூறு வரும்.”

வேகம் வேண்டுமென்றால் ஸ்டெபனியின் காலடியில் போய் இருந்து கேட்க வேண்டுமாம். செரீனா மேலே போகவில்லை. ரூட்டரைக் கீழே கொண்டுவரலாமா என்று ஜஸ்ரினைக் கேட்டாள்.

“அவவின்ர படத்துக்குப் பக்கத்தில கிடந்த மாதிரிக் கிடக்கட்டும்” என்றான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

கோணேஸ்வரன் அண்ணை ரூட்டருக்குரிய செயலி ஒன்றை அவள் போனில் போட வைத்திருந்தார். வீட்டில் என்னென்ன கருவி இணைந்திருக்கிறது, எது என்ன வேகத்தில் நிற்கிறது என்று அது பட்டியல் காட்டும். திங்கட்கிழமை அதைத் திறந்தாள். ஜஸ்ரினின் போன் இல்லை, அவன் வேலையில். அவளுடைய போன். தொலைக்காட்சி. மூன்றாவதாக, பச்சைப் புள்ளியோடு: ஸ்டெபனி லப்டொப், பதினொன்று.

அவள் கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழும்பினாள். பிறகுதான் விளங்கியது. அது இதுதான், அவள் கைக்குக் கீழே இருக்கும் இதே லப்டொப்தான். இந்தக் கோதாரியின் பெயரைக்கூட ஒருவரும் மாற்றவில்லை. அவள் அழித்துவிட்டு ‘செரீனா’ என்று எழுதினாள். செத்தவளிடமிருந்து ஒரு பெயரையாவது பறித்துக்கொண்ட சந்தோசத்தில் அன்று பால் தேத்தண்ணிக்குச் சீனி கூடப் போட்டுக் குடித்தாள்.

செவ்வாய்க்கிழமை பட்டியலில் நாலு கருவிகள் இருந்தன. செரீனா, பதினொன்று. அதற்கு மேலே, முதலாவதாக: ஸ்டெபனி லப்டொப், அறுநூறு.

அவளுக்கு முதலில் வந்தது பயம் அல்ல, பொறாமை. எனக்குப் பதினொன்று, அவளுக்கு அறுநூறா? அந்த இலக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோணேஸ்வரன் அண்ணைக்குச் செய்தி அனுப்பினாள். ரூட்டர் பழைய பெயரை மறந்திருக்காது, ஒருக்கா நிப்பாட்டிப் போடச் சொல்லும் என்று பதில் வந்தது. பின்னேரம் ஜஸ்ரின் நிப்பாட்டிப் போட்டான். பெயர் போகவில்லை.

“ஸ்டெபனி அக்காவிட்ட வேற லப்டொப் ஏதும் இருந்ததே?”

“இல்லையே. ஏன் கேக்கிறீர்?”

“சும்மா.”

அவன் தலையை ஆட்டிவிட்டு மேலே போனான். கதவு பாதி சாத்தியது. அன்று அவன் வழமையைவிடக் கனநேரம் கதைத்தான், நடுவில் ஒரு தடவை சிரித்தான்.

புதன் மதியம், வெளியே பனி தூறிக்கொண்டிருக்க, செரீனா முதல்முறையாகத் தனியே அந்த அறைக்குள் போனாள். வாசலில் கண்ணாடி அலுமாரி. உள்ளே விரிப்பில்லாத கட்டில், தட்டில் ஆண்டவர், சிவப்பு லைற், மினுங்கிக்கொண்டிருந்த ரூட்டர், அதற்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு ஸ்டெபனி. வேறு கருவி என்று சொல்ல ஒன்றுமில்லை. கட்டிலுக்குக் கீழேயும் பார்த்தாள். மூன்று வருடம் ஒருவரும் படுக்காத அறையில் நோவுக்குப் பூசும் கோடாலித் தைலம் மணத்தது, மூடி இப்போதுதான் திறந்ததுபோலக் காரமாக. மெத்தையில் கையை வைத்தாள். சூடாக இருந்தது. ஹீற்றர் காற்று இந்தப் பக்கமாகத்தான் வரும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஹீற்றர் மற்றச் சுவரில் இருந்தது. அவள் கதவைச் சாத்திவிட்டுக் கீழே வந்து, இரண்டு தரம் கை கழுவினாள்.

வியாழக்கிழமை நாலரைக்கே இருட்டு இறங்கிவிட்டது. செரீனா குசினிக்குள், சாப்பாட்டு மேசையில் இருந்தாள். குளிர்சாதனப்பெட்டி உறுமி நின்றது. தெருவில் பனி வழிக்கும் வண்டி ஒன்று தூரத்தில் சுரண்டிக்கொண்டு போனது. பிறகு வீடு முழுக்க அந்தத் தடித்த அமைதி, பனிநாளில் மட்டும் வருவது. வேகம் பார்த்தாள். பதினொன்று. மறுபடி. பதினொன்று. அரை மணித்தியாலம் இருந்தது. அந்த அறைக்கு லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு போனால் வேலை நிச்சயம். போனால் இந்த வீட்டில் அவள் என்றைக்கும் ஸ்டெபனியிடம் கேட்டு வாங்குகிறவள். மேலே கிடப்பவள்தான் எல்லாவற்றையும் இழுத்துக் குடிக்கிறாள், வைஃபையையும், புருசனையும். அவளை வெட்டினால் மிச்சம் எனக்கு வரும். அப்படித்தான் நினைத்தாள்.

செயலியைத் திறந்தாள். ஸ்டெபனி லப்டொப், அறுநூறு. பெயரைத் தொட்டாள். ‘நீக்கு’ என்ற சிவப்பு எழுத்து வந்தது. விரல் அதன்மேல் போகும்போது இலக்கம் மாறியது.

நானூறு.

கிட்டப் போகப் போகக் கூடும், எட்ட வர வரக் குறையும் என்று கோணேஸ்வரன் அண்ணை சொன்னது அவள் காதுக்குள் கேட்டது. மேலே அலுமாரிக் கண்ணாடி ஒருமுறை அதிர்ந்து அடங்கியது, யாரோ தோளால் உரசிக்கொண்டு போனதுபோல.

இருநூறு.

மாடிப்படியில் மூன்றாவது பலகை முனகியது. அடுத்தது. அடுத்தது. நோயாளி நடை. ஒரு படி, ஒரு மூச்சு. ஒரு படி, ஒரு மூச்சு.

தொண்ணூறு.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. தைல மணம் குசினிக்குள் வந்தது. மூக்கு எரிந்தது. கண்ணில் நீர்.

நாற்பது.

இருபது.

பதினொன்று.

அதோடு நின்றது. பட்டியலில் இரண்டு பெயர்கள், ஒன்றுக்குக் கீழே ஒன்று. இரண்டுக்கும் பதினொன்று. ஸ்டெபனி பக்கத்துக் கதிரையில் என்றால் பன்னிரண்டாக இருந்திருக்கும், இல்லாவிட்டால் பத்தாக. நாலு நாளாக இந்த வீட்டில் பதினொன்று என்பது ஒரேயொரு இடம். அவள் இருக்கும் இடம். இந்தக் கதிரை.

மடி கனத்தது.

செரீனா சிவப்பு எழுத்தை அழுத்தினாள். நிச்சயமா என்று கேட்டது. நிச்சயம். அழுத்தினாள். அழுத்தினாள்.

ஸ்டெபனி அசையவில்லை. அதே பச்சைப் புள்ளி, அதே பதினொன்று. மற்றப் பெயர்தான் மாறத் தொடங்கியது.

செரீனா, இருபது.

செரீனா, தொண்ணூறு.

லப்டொப் அவளுக்கு முன்னால்தான் இருந்தது. அவளும் கதிரையில்தான் இருந்தாள். படியில் சரக் சரக்கென்று றப்பர் செருப்பு ஏறியது. செரீனாவின் செருப்பு. அவளுடைய நடை, அவசரமாய், எதையோ விட்டு ஓடுவதுபோல. மேசைக்குக் கீழே பார்த்தாள். கால் வெறுங்காலாக இருந்தது. மெலிந்திருந்தது. கணுக்கால் எலும்பு இரண்டும் தள்ளிக்கொண்டு நின்றன.

இருநூறு. நானூறு.

கதவு சாத்தும் சத்தம்.

அறுநூறு.

வாசல் திறந்தது. ஜஸ்ரின் பனியைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தான். சாப்பாட்டுப் பையை வைக்கக் குனிந்தவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பை கையிலிருந்து நழுவியது. அவன் முகத்தில் வந்தது என்னவென்று செரீனாவுக்கு உடனே பெயர் சொல்லத் தெரியவில்லை. எட்டு மாதத்தில் அவன் அவளை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை. சப்பாத்தோடு ஓடிவந்து கதிரைக்கு முன்னால் முழங்காலில் இருந்தான்.

“ஸ்டெபி” என்றான். “எப்பயடி எழும்பினாய்? கூப்பிட்டிருக்கலாமே, நான் தூக்கியெல்லோ கொண்டு வந்திருப்பன்.”

அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்தான். விரலில் மோதிரம் தொளதொளத்தது. நான் செரீனா என்று சொல்ல வாய் திறந்தாள். அவன் கண் நிறைய அழுகையும் சிரிப்பும். அதைக் கெடுக்க மனம் வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம், என்று நினைத்தாள். இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கட்டும்.

மேலே, கடைசி அறைக் கதவை உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள். மெதுவாக. பிறகு பலமாக. பிறகு இரண்டு கையாலும்.

“இஞ்சருங்கோ” என்றது ஒரு குரல். “இஞ்சருங்கோ, நான் இஞ்ச நிக்கிறன். கதவைத் திறவுங்கோ.”

மன்னார்த் தமிழ். அவளுடைய குரல். அவளுடைய அழுகை.

ஜஸ்ரின் தலையைத் திருப்பினான். “ஆர் மேல?”

அவள் அவன் கன்னத்தில் கையை வைத்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

“ஒருத்தருமில்லை” என்றாள்.

அவன் நம்பினான். அவள் மடியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினான். அவள் அவனுடைய தலைமுடியைத் தடவிக்கொண்டே இருந்தாள், மேலே அவளுடைய சொந்தக் குரல் கதவை அடித்து அடித்து அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருக்க.