முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்

சிறைச் சமையலறையில் வாஃபிள் அப்பம் மறுபடியும் கருகியது. மூன்றாவது முறை!

"ஏண்டி தோருன், பொண்ணு வர்றான்னு ஜெயிலையே கொளுத்திடுவே போலிருக்கே!" பக்கத்து அறை வென்கே கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

தோருனுக்குச் சிரிப்பு வரவில்லை. "வருவாளா வென்கே…? பதினோரு மாசம் ஆச்சு…"

கடைசியாக மகள் சிக்னே வந்தது அம்மாவின் பிறந்தநாளுக்கு. பூனைபோலப் பின்னால் வந்து, விளையாட்டாக அம்மாவின் கண்களைப் பொத்தினாள். அடுத்த நொடி தோருனின் முழங்கை பறந்தது. பெண்ணின் உதட்டில் ரத்தம்!

"என்னைப் பிடிக்கலைன்னா சொல்லியிருக்கலாமேம்மா!"

எப்படிச் சொல்வாள்? பன்னிரண்டு வருடங்கள் கணவனின் கை பின்னாலிருந்துதான் வந்தது. ஒரே ஒருநாள் திருப்பித் தள்ளினாள். படியில் உருண்டவன் எழவில்லை. நீதிமன்றத்தில் "நான்தான் தள்ளினேன்" என்பதோடு வாயை மூடிக்கொண்டாள். மகளுக்கு நல்ல அப்பாவாவது மிஞ்சட்டுமே…

மகளின் உதடு கிழிந்த அந்த நாளுக்குப் பிறகு, செவ்வாய்க்கிழமைகளில் தோருனுக்கு மனநல சிகிச்சை அளிக்க பிரிட் வர ஆரம்பித்தாள். அவள் முதலில் கேட்டதே, "எந்த நாற்காலி வேணும்?" என்றுதான். தோருன் சுவரோரமாக, கதவைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"உங்க உடம்பு இன்னும் அந்த வீட்டுலயே இருக்கு தோருன். வெளியே வந்தாச்சுன்னு அதுக்குச் சொல்லணும்."

"ஜெயிலுக்குள்ள உட்கார்ந்துகிட்டா?"

இருவரும் சிரித்துவிட்டார்கள். அதன்பின் வாராவாரம் பயிற்சி. "பின்னாடி வரேன்" என்று சொல்லிவிட்டு பிரிட் நடப்பாள். "போதும்" என்றால் நிற்பாள். எட்டு மாதத்தில், போதும் என்று சொல்லத் தேவையில்லாமல் போனது. அன்றுதான் தோருன் மகளுக்குக் கடிதம் எழுதினாள்: 'நான் அடித்தது உன்னை இல்லை, கண்ணே.'

சந்திப்பு அறைக் கதவு திறந்தது. சிக்னே! கையில் அந்தக் கடிதம்.

"யாரைன்னு எனக்குத் தெரியும்மா…"

தோருன் வாஃபிள் தட்டை மேஜையில் வைத்தாள்.

"மாடியில படுத்துக்கிட்டு எல்லாம் கேட்டிருக்கேன். ஒருநாள்கூட நான் இறங்கி வரலையே… அதான் உனக்கு என்மேல கோபம்னு நெனச்சேன்…"

"அடிப் பைத்தியமே! நீ வந்துடக் கூடாதேன்னுதானேடி நான் சத்தமே போடாம இருந்தேன்!"

இருவரும் அழுது ஓய்ந்தபோது வாஃபிள் ஆறிப்போயிருந்தது. தோருன் கண்களைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"இப்ப வா. வரேன்னு மட்டும் சொல்லிட்டு வா."

"பின்னாடி வரேம்மா… வந்துட்டேன்…"

சின்ன விரல்கள் கண்களைப் பொத்தின. தோருனின் தோள்கள் அசையவில்லை.

"யாருன்னு சொல்லு?"

"தெரியலையே!" என்று சிரித்தாள் தோருன். "இன்னும் கொஞ்ச நேரம் கையை எடுக்காதே…"