வியன்னாவில் ஒன்பது மணி

கஜானி மாடிப்படி ஏறி வந்து மூச்சு வாங்கியபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். எட்டு மாத வயிறு. ஆபிதா முதலில் தண்ணீர் கொடுத்தாள்.

"என்ர மனுசன் வேற ஒருத்தியோட இருக்கிறாரோ எண்டு அறிஞ்சு சொல்லோணும் ஐயா" என்றாள் கஜானி.

செய்கு முகம்மது கண்ணாடியைக் கழற்றி வைத்தார். துபாய் கராமாவில் அவருடையது விசாப் படிவங்கள் நிரப்பித்தரும் வெறும் டைப்பிங் சென்டர்தான். ஆனால் முப்பது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்களைத் துருவியவர் என்பதால், போலீசிடம் சொல்ல முடியாத சங்கடங்களும் அந்தப் படியேறி வந்தன. அங்கே விமான டிக்கெட் போடும் ஆபிதா அவரை அண்ணன் முறையில் காக்கா என்பாள்; அவளுக்கு இந்தத் துப்பறியும் வேலைதான் உயிர். மர்மம் என்றால் அவளுக்குப் பசிகூட மறந்துவிடும்.

கஜானியின் கணவன் துஷாந்தன் சவூதியில் அல் கோபாரில் எலக்ட்ரீசியன். பிரசவத்தின்போது லீவில் வந்து பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று, துபாயில் குடும்பத்தோடு இருக்கும் தன் அண்ணன் பத்மநாதன் வீட்டுக்கு அவளை யாழ்ப்பாணத்திலிருந்து வரவழைத்திருந்தான். பத்மநாதனை அவள் அத்தான் என்றுதான் அழைப்பாள்.

"ஒவ்வொரு நாளும் குரல் மெசேஜ் போடுறவர். மூண்டு கிழமையா எழுத்து மட்டும்தான். கேட்டா மைக் பழுதாம். அத்தான் ஆபீஸ் ஆக்களோட ரெண்டு நாள் வியன்னாவுக்குப் போனவர். அந்தச் சனிக்கிழமையில இருந்துதான் இப்பிடி. திரும்பி வந்த அத்தானும் என்ர முகத்தைப் பாக்கிறேல்லை. அவருக்கு விசயம் தெரியும், மறைக்கிறார்."

அவள் கைபேசியை நீட்டினாள். அத்தான் வியன்னாவிலிருந்து அனுப்பியவை முதலில் இருந்தன. கூரான கோபுரத்தோடு ஒரு தேவாலயம், குதிரை வண்டிகள், பழைய அரண்மனை ஒன்றின் வாசல். எதிலும் அவர் இல்லை. ஞாயிறு பகல் சரியாகப் பன்னிரண்டுக்கு வந்த படத்தின் கீழே, "இஞ்ச இப்ப காலமை ஒன்பது மணி. நல்ல குளிர்" என்றிருந்தது. பிறகு துஷாந்தனின் செய்திகள். நேற்றுப் பகல் ஒரு மணிக்கு வந்தது: "இஞ்ச ஒரு மணி. சாப்பிடப் போறன். நீரும் நேரத்துக்குச் சாப்பிடும்."

பையிலிருந்து ஒரு சாக்லேட் பெட்டியையும் எடுத்து மேசையில் வைத்தாள். "அத்தான் வியன்னாவில இருந்து எண்டு கொண்டு வந்தது. எனக்கு இறங்கேல்லை. நீங்கள் எடுங்கோ."

செய்கு முகம்மது பெட்டியைத் திருப்பினார். அடியில் ஒட்டியிருந்த அரபுச் சீட்டை வாசித்தார். அவர் விரல் அதன்மேல் அப்படியே நின்றதை ஆபிதா கவனித்தாள்.

"நாளைக்குக் காலைல உங்க அத்தானோட வாங்கம்மா" என்றார். "இல்லை, அவரை மட்டும் வரச் சொல்லுங்க. நீங்க வீட்ல இருங்க."

அவள் போன பிறகு ஆபிதா எவ்வளவோ கேட்டும் அவர் வாய் திறக்கவில்லை. கஜானியிடம் வாங்கிய செய்திகளின் நகல்களை அன்று சாயங்காலம் வரை ஆபிதா திரும்பத் திரும்பப் படித்தாள். மறுநாள் காலை, விமான நேர அட்டவணை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளுக்குப் பொறி தட்டியது.

அதே நேரம் கதவு திறந்தது. பத்மநாதன் வந்தார். அவர் பின்னாலேயே கஜானி. "என்ர விசயம். என்ர முன்னாலதான் கதைக்கோணும்" என்று சொல்லி உட்கார்ந்துகொண்டாள்.

"காக்கா, நான் கண்டுபிடிச்சிட்டேன்" என்றாள் ஆபிதா. சந்தோஷம் குரலில் தெரிந்தது. செய்கு முகம்மது கையை உயர்த்தினார். அவள் அதைக் கவனிக்கவில்லை.

"சார், நீங்க வியன்னாவுக்குப் போகவே இல்ல. நமக்கும் அங்கேயும் குளிர்காலத்துல மூணு மணி நேர வித்தியாசம். ஆனா நீங்க அனுப்பின ஞாயித்துக்கிழமை மார்ச் கடைசி ஞாயிறு. அன்னைக்கு விடியக்காலைல ஐரோப்பாவுல எல்லா கடிகாரமும் ஒரு மணி நேரம் முன்னால போயிடும். நமக்குப் பன்னிரண்டுன்னா அங்க பத்து. அங்க இருக்கிறவன் போன்ல பத்துன்னுதான் காட்டும். ஒன்பதுன்னு எழுதினவரு வேற ஊர்ல உக்காந்து மனக்கணக்கு போட்டவரு."

பத்மநாதனின் கை சட்டைப்பைக்குப் போனது. ஆபிதா விடவில்லை.

"இதே தப்பு இன்னொரு இடத்துலயும் இருக்கு. கோபார் நம்மளவிட ஒரு மணி நேரம் பின்னால. நமக்கு ஒண்ணுன்னா அங்க பன்னிரண்டு. ஆனா துஷாந்தன் அங்க ஒரு மணின்னு எழுதறாரு. அதை எழுதினவரும் துபாய்லதான் இருக்காரு. அப்போ துஷாந்தனோட போன்…"

அங்கே அவள் நாக்கு நின்றுவிட்டது. அவள் சொல்லிக்கொண்டிருந்தது என்ன என்பது அவளுக்கே அப்போதுதான் விளங்கியது. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

செய்கு முகம்மது தணிந்த குரலில் முடித்தார். "சாக்லேட் பெட்டியில ஒட்டின சீட்டுல இறக்குமதி பண்ணினவர் விலாசம் தம்மாம்னு இருந்துச்சு. கோபாருக்குப் பக்கத்து ஊரு. அந்த ரெண்டு நாளும் நீங்க தம்பிகிட்டதான் போயிருக்கீங்க."

பத்மநாதன் சட்டைப்பையிலிருந்து திரையில் கீறல் விழுந்த கைபேசி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"அந்த வெள்ளிக்கிழமை கட்டடச் சாரத்தில இருந்து விழுந்திட்டான்" என்றார் கஜானியிடம். "நான் வியன்னாவுக்கு வெளிக்கிட்டு விமான நிலையத்தில நிக்கேக்கைதான் போன் வந்தது. டிக்கெட்டை வீட்டில நீங்கள் எல்லாரும் பாத்தனீங்கள். புதுசா ஒரு பொய்யும் சொல்லத் தேவைப்படேல்லை. போன ஆக்களிட்டப் படம் வாங்கி அனுப்பினன். உமக்குப் பிரஷர் கூடவா இருக்கு, அதிர்ச்சி கூடாது எண்டு டொக்டர் சொன்னவர். பிள்ளை பிறக்கும் மட்டும் அவனை உயிரோட வைச்சிருப்பம் எண்டு நினைச்சன்."

கஜானி அழவில்லை. அந்தக் கைபேசியைத் தொடவும் இல்லை.

"சாப்பிடச் சொல்லி எழுதினது நீங்களோ?"

அவர் தலையசைத்தார்.

"மூண்டு கிழமையா அவரைத் திட்டிக்கொண்டிருந்தன்" என்றாள். பிறகு, "இன்னொருத்தியா இருந்திருக்கலாம்" என்றாள்.

"இப்ப அவரை எங்க வைச்சிருக்கினம்?" என்று கேட்டாள்.

"கோபார் ஆசுபத்திரிச் சவச்சாலையில. ஊருக்கு அனுப்ப மனுசியின்ர கையெழுத்து வேணுமாம். அதைக் கேக்கத்தான் எனக்கு வாய் வரேல்லை."

"தாங்கோ" என்று கையை நீட்டினாள் கஜானி.

பத்மநாதன் எடுத்து நீட்டிய படிவத்தைச் செய்கு முகம்மது வாங்கி, நிரப்ப வேண்டிய இடங்களைத் தானே நிரப்பி, கையெழுத்து இடத்தை மட்டும் காட்டினார். கஜானி தன் பெயரை நிதானமாக எழுதினாள். கணவர் பெயர் என்ற கட்டத்துக்கு நேரே பேனா சற்று நின்றது.

ஆபிதா அவளைத் தோளோடு அணைத்து ஒவ்வொரு படியாக இறக்கி வந்தாள். தெருவில் வெயில் கொளுத்தியது. இரண்டு டாக்சிகள் நிற்காமல் போயின. மூன்றாவது நின்றதும், பத்மநாதன் முன்கதவைத் திறந்து, பின் அதைச் சாத்திவிட்டு, தம்பி மனைவிக்குப் பக்கத்தில் பின்னால் போய் உட்கார்ந்தார்.