எலும்பு ஊசியும் ஈரக் கம்பளியும்

"சாவி எங்கிட்ட மட்டும்தான் இருக்கு. ஊசியக் காணோம். அப்ப திருடி நான்தானே? தோண்ட வந்தவங்க எல்லாரும் என்னையே முறைக்கிறாங்க, டெர்வலா!"

அயர்லாந்தின் ஸ்லைகோ மலையடியிலிருந்த சின்னக் காவல் நிலையத்தில், சார்ஜென்ட் டெர்வலாவின் முன் அட்ராக்டா மூச்சிரைக்க நின்றாள். குன்றின்மேல் இருக்கும் ஐயாயிரம் ஆண்டுப் பழைய கல்லறையின் கதவுச் சாவி அவள் பொறுப்பு. அகழாய்வுக்காரர்கள் அங்கே தோண்டியெடுத்த எலும்பு ஊசியைப் பெட்டிக்குள் கம்பளியில் பொதிந்து, உள்மாடத்திலேயே வைத்திருந்தார்கள். நேற்று மாலை டப்ளின் புகைப்படக்காரன் ஃபியாக்ரா படமெடுத்து முடித்ததும் அவள் கதவைப் பூட்டினாள். காலையில் திறந்ததும் முதலில் உள்ளே போனவனும் அவன்தான். பெட்டி காலி என்று கத்தினான்.

"கள்ளச்சாவிதான், சார்ஜென்ட்!" என்றான் காவலர் கோர்மக்.

"முதல்ல இடத்தப் பாப்போம், வா" என்றாள் டெர்வலா.

கல்லறை வாசலில் ஃபியாக்ரா பெட்டியை நீட்டினான். "கம்பளி எப்படி நனைஞ்சிருக்கு பாருங்க. ராத்திரி மழையில கூரை ஒழுகியிருக்கு."

டெர்வலா குறுகிய கல்வழியில் ஊர்ந்து உள்ளே போனாள். கைவிளக்கின் ஒளியில் கூரைக் கற்கள் அடுக்கடுக்காக உள்நோக்கி நீண்டு, உச்சியில் ஒரே பலகைக்கல்லில் முடிந்தன. மாடத்தை விரலால் துழாவினாள். வெளியே வந்து விரலைக் காட்டினாள்.

"என்ன இது, கோர்மக்?"

"புழுதி."

"ராத்திரி முழுக்க மழை. ஆனா உள்ள காஞ்ச புழுதி! கூரைக் கல்லையெல்லாம் வெளிப்பக்கமா சரிச்சு அடுக்கியிருக்காங்க. மேல இறங்குற தண்ணி அப்படியே வெளிய வழிஞ்சிரும். உள்ள ஒரு சொட்டு விழாது. அப்ப கம்பளி எங்க நனைஞ்சுது?"

"பெட்டி ராத்திரி வெளிய இருந்திருக்கு!" என்றான் கோர்மக்.

"அட்ராக்டா, பூட்டும்போது உள்ள பாத்தியா?"

"இல்லையே... எல்லாம் முடிஞ்சுதுன்னு இவர் சொன்னார்."

"காலையில பெட்டியக் கோட்டுக்குள்ள மறைச்சு உள்ள கொண்டுபோனது யாரு, ஃபியாக்ரா?"

அவன் முகம் வெளுத்தது. "திருடல, சார்ஜென்ட்! நேத்து பகல் வெளிச்சத்துல ஒரு படம் எடுக்க வெளிய கொண்டுவந்தேன். அந்தக் கல்சுவர் மேல வச்சிட்டு மறந்துட்டேன். காலையில பெட்டி கவுந்து கிடந்துது. தேடினேன், ஊசி கிடைக்கல. வேலை போயிடுமேன்னு..."

"உன் வேலையக் காப்பாத்த என் மானமா கிடைச்சுது?" என்றாள் அட்ராக்டா.

சுவரடியில் நனைந்த புல்லை நால்வரும் விலக்கித் தேடினார்கள். ஆட்டுப் புழுக்கைகளுக்கு நடுவே, உடையாமல் கிடந்த ஊசியை அட்ராக்டாதான் கண்டெடுத்தாள். ஃபியாக்ரா கை நீட்டினான். அவள் அதை டெர்வலாவிடம் கொடுத்தாள்.

"காலையிலேயே உண்மையச் சொல்லியிருந்தா, நானும் கூட வந்து தேடியிருப்பேனேப்பா" என்றாள் அட்ராக்டா அவனிடம்.